ஜங்கிள் காக் நம் காட்டுச்சேவல்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் ஸ்பே, டே ஆறுகளில் சால்மன் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டும் செயற்கை ஈக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ‘ஜாக் ஸ்காட்’ ஈயின் படம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அதன் இரு கன்னங்களிலும் வைத்துக் கட்டும் இறகை ‘ஜங்கிள் காக்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுச்சேவல்.

கோத்தகிரிப் பக்கம் வளர்ந்தவள் நான். வீட்டுச் சேவலைப் போல நீட்டாமல், வெட்டி வெட்டிக் கூவும் அதன் குரலில்தான் எங்களுக்கு விடியும். கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இருக்கும். இறகின் தண்டே அந்த இடத்தில் தட்டையாகிப் பளபளக்கும். தண்ணீருக்குள் அது சின்ன மீனின் கண் மாதிரி தெரியும் என்றுதான் ஈ கட்டுபவர்கள் தேடினார்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் இந்த இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலாகத் திரியும். அதனால் அது முழு அழகோடு இருக்கும்போதே கொன்று, கழுத்துத் தோலை உரித்துக் கப்பலேற்றினார்கள்.

பழைய செய்முறையில் சொன்ன அரிய இறகுகள் இல்லாவிட்டால் ‘ஜாக் ஸ்காட்’ ஈக்கு உயிரில்லை என்கிறார் கட்டுரையாளர். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய சால்மன் இரை தின்பதையே நிறுத்திவிடுகிறது. பிறகு ஏன் ஈயைக் கவ்வுகிறது, கோபத்திலா, கடலில் தின்ற பழக்கத்திலா என்று இன்னும் விவாதம் ஓயவில்லை. ஆனால் அணில் வால், மான் வால் முடியில் கட்டிய ‘அல்லீஸ் ஷ்ரிம்ப்’ போன்ற ஈக்களையும் அதே மீன்தான் கவ்வுகிறது. அரிய இறகு மீனுக்குத் தேவைப்படவில்லை, கட்டுகிற மனிதருக்குத்தான் தேவைப்படுகிறது.

அந்த ஆசை எதுவரை போகும் என்பதையும் எழுதியிருக்கலாம். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களை ஓர் இசை மாணவர் திருடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. வாங்கியவர்கள் சால்மன் ஈ கட்டுபவர்கள். அப்புறம் ஒரு திருத்தம்: ஈயின் செய்முறையில் இறகுக்காகச் சொல்லப்படும் ‘இந்தியன் க்ரோ’ இந்தியக் காகம் அல்ல, தென்னமெரிக்கப் பறவை.

ஈ கட்டும் கலையை நான் குறை சொல்லவில்லை. நூலும் சரிகையும் இறகும் சேரும் அந்தக் கைவேலை எனக்கும் பிடித்திருக்கிறது. காட்டுச்சேவல் இறகுதான் வேண்டும் என்பவர்களுக்கு பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த சேவல்களின் இறகு விற்கிறது. செயற்கை மாற்றும் உண்டு. நம் நாட்டிலோ இந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். தொடரின் அடுத்த பகுதியில் கட்டும் முறையைச் சொல்லப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சரி, பொருள் பட்டியலில் அந்த இறகுக்குப் பக்கத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

– வாசகி, கோத்தகிரி