சமைத்ததற்கு நன்றி, சாப்பிட்டதற்கும் நன்றி

கர்த்தருக்குள் பிரியமான எங்கள் சபையாருக்கும், உகாண்டாவின் முகோனோவில் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம்.

ஆறு வருடம் கழித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். வந்த வாரமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. பெட்டி பிரிப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடுவது, ரேஷன் கார்டைப் புதுப்பிப்பது என்று இரண்டு மாதம் ஓடியே போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாம் நன்றியை வாயால் சொல்கிறவர்கள் இல்லை. மேடையில் சொல்வோம், நன்றியுரை என்று அதற்குத் தனியாக ஒருவரை நிறுத்துவோம். வீட்டுக்குள் சொன்னால், யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவது போல இருக்கும். உகாண்டாவில், அதிலும் நாங்கள் வாழ்ந்த புகாண்டா பகுதியில், இது தலைகீழ். லுகாண்டா மொழியில் 'வெபாலே' என்றால் நன்றி. அதோடு விட மாட்டார்கள், எதற்கு நன்றி என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். சமைத்தவரிடம் 'வெபாலே குஃபும்பா', சமைத்ததற்கு நன்றி. உடனே சமைத்தவர் 'வெபாலே குல்யா' என்பார். சாப்பிட்டதற்கு நன்றி! வாழைத்தோட்டத்தில் கொத்திக்கொண்டிருப்பவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் அவர் படும் பாட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போனால் மரியாதை இல்லை. முதல் வருடம் எனக்கு இது நாடகம் மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பழக்கம் விட மாட்டேன் என்கிறது. அதனால் இந்த மடலையும் அவர்கள் பாணியிலேயே, காரியம் காரியமாகச் சொல்லி எழுதுகிறேன்.

சமைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி, பிடியரிசி எடுத்து வைத்ததற்கு நன்றி. பல்கலைக்கழகம் எங்களுக்கு வீடு தந்தது. சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, விமான டிக்கெட் எல்லாம் உங்கள் காணிக்கையில் நடந்தது. 1903-லேயே இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்த திருநெல்வேலிக்கு ஊழியக்காரரை அனுப்புவது புதிதில்லை. ஆனால் கணக்கு வாத்தியாரையும் நர்சிங் டீச்சரையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாமா என்று கமிட்டியில் பெரிய பேச்சு நடந்தது. "பிரசங்கம் பண்ணப் போறீங்களா, பாடம் எடுக்கப் போறீங்களா?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். பாடம் எடுக்கத்தான் என்று என் கணவர் சொன்னார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், முதல் காணிக்கைக் கவர் அந்தப் பெரியவர் கையிலிருந்துதான் வந்தது. ஐயா, கேள்வி கேட்டதற்கும் நன்றி.

நாங்கள் இருந்த இடத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். கம்பாலாவிலிருந்து ஜின்ஜா போகும் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முகோனோ வந்துவிடும். அங்கே 1913-ல் பிஷப் டக்கர் பெயரில் ஒரு வேதாகமக் கல்லூரி தொடங்கினார்கள். உகாண்டா ஆங்கிலிக்கன் சபை 1997-ல் அதையே உகாண்டா கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக வளர்த்தெடுத்தது. சட்டம், பொறியியல், நர்சிங், வணிகம் எல்லாம் உண்டு. எதில் சேர்ந்தாலும் வேதபாடமும் படித்தாகவேண்டும். செமஸ்டர்களுக்கு எண் கிடையாது, அட்வென்ட், ஈஸ்டர், ட்ரினிட்டி என்றுதான் பெயர். நம் சபைக் காலண்டர் பல்கலைக்கழகத்தின் டைம்டேபிளில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, ஏனோ ஊரிலேயே இருப்பது போல இருந்தது.

வகுப்புக்குள் போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. என் ஆங்கிலம் மாணவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. நான் மூச்சு விடாமல் பேசுகிறேனாம். துறையில் மூத்த ஆசிரியை ஒருவர், தன் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வாரம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாணவர் முகம் சுருங்கும் இடத்திலெல்லாம், நான் சொன்ன வார்த்தையை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வார். வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் நின்று அதை என் கையில் தருவார். யார் முன்னாலும் ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தத் தாளில் நாலே வார்த்தைகள். அக்கா, கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததற்கு நன்றி. அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு வசதி. அங்கே வெளியே போகிறவர் 'வருகிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார். அங்கிருந்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியர், இப்படிச் சொல்லிவிட்டுப் போனவருக்காக அரை மணி நேரம் காத்திருந்தாராம். போயிட்டு வர்றேன் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன குழப்பம்?

வரிசையில் நின்றதற்கு நன்றி. இது அலுவலகத்தில் வேலை செய்த தம்பிக்கு. பணி அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்ட் பணத்தோடு காணாமல் போனான். அந்தத் தம்பி மூன்று முறை கம்பாலாவுக்குப் பஸ்ஸில் போய், நாள் முழுக்க நின்று, காரியத்தை முடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை மழையில் நனைந்து வந்தவர், ஃபைலை மட்டும் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

அப்புறம், வண்டி ஓட்டியதற்கு. உகாண்டாவில் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் 'போடா போடா'. கென்யா எல்லையில் ஒரு பார்டரிலிருந்து இன்னொரு பார்டருக்கு ஆளை ஏற்றிப்போனதால் வந்த பெயர். "போடா போடாவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்று நான் போனில் சொன்னதும், "ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் யாரைடி வையிற?" என்றார் அம்மா. அந்த ராத்திரி சிரிப்புக்கானது இல்லை. சின்னவளுக்கு மலேரியா, காய்ச்சல் இறங்கவே இல்லை. நான் நர்ஸ்தான், ஆனால் சொந்தப் பிள்ளை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டால் படிப்பெல்லாம் மறந்துவிடும். கேட் வாட்ச்மேன் தெருமுனைக்கு ஓடி ஒரு பையனை எழுப்பிக் கூட்டிவந்தார். அவன் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மண் சாலையில் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். காலை வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தான். காசு கொடுத்தபோது போன தூரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி ஷில்லிங்கைத் திருப்பித் தந்தான். காத்திருந்த கணக்கு அதில் இல்லை.

கோழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் அறுப்பின் பண்டிகையில் முருங்கைக்காயும் சேவலும் ஏலம் போகும் இல்லையா, அங்கேயும் அப்படியே. பணம் இல்லாதவர்கள் வாழைத்தார், முட்டை, பலாப்பழம் என்று பலிபீடத்துக்குக் கொண்டுவருவார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். முதல் ஞாயிறு, எங்களை வரவேற்றவர்களுக்கு என் கணவர் கையைத் தூக்கி வணக்கம் காட்டினார். கோழி எங்களுக்கு விழுந்தது. சபையே கைதட்டியது. அந்தக் கோழியை உரித்துத் தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. வாழையிலையில் மட்டோக்கே என்கிற வாழைக்காயைக் கட்டி வேகவைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இந்த மடலே அதற்காகத்தான்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடிவிட்டார்கள். என்டெபி விமான நிலையம் பயணிகளுக்கு மறுபடியும் திறந்தது அக்டோபரில்தான். பொதுவாக ஜூன் 3-ஆம் தேதி இரத்தசாட்சிகள் தினத்துக்கு, விசுவாசத்துக்காக அவர்கள் கொல்லப்பட்ட நமுகோங்கோ நோக்கி ஜனங்கள் நாள்கணக்கில் நடந்து வருவார்கள், எங்கள் சாலையே நிறைந்துவிடும். அந்த வருடம் சாலையில் ஒருவரும் இல்லை. அடுத்த வாரம் அப்பா இறந்துவிட்டார்கள்.

போக வழியே இல்லை. இங்கே அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று சட்டம். சேகரகுரு ஐயா, நீங்கள் வந்தீர்கள். குழி வெட்ட ஆள் வராதபோது வாலிபர் சங்கத் தம்பிகள் நாலு பேர் மண்வெட்டியை எடுத்தீர்கள். யாரோ ஒரு தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான், படம் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் அழுகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் பிடி மண்ணை என் பேரைச் சொல்லிப் போட்டது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. குழி வெட்டியதற்கு நன்றி. போனைப் பிடித்ததற்கு நன்றி. என் பேரைச் சொன்னதற்கு நன்றி.

அதே நாளில் முகோனோவில், மத்தியானம் மூன்று மணி இருக்கும், வாசலில் அரவம் கேட்டது. மாஸ்க் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து, தள்ளித் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தார்கள். 'கிட்டாலோ' என்றார்கள், துக்கத்துக்குச் சொல்லும் வார்த்தை. ஒருவர் விறகுக்கட்டு கொண்டுவந்தார், ஒருவர் வாழைக்காய். ஜெபம்கூட உரக்கச் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஊரடங்கு. ஆறரைக்கு எழுந்து போனவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

அதில் ஒரு முதியவர் இருந்தார். 1972-ல் இடி அமீன் ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னபோது அவர் பள்ளிக்கூடப் பையன். எதிர்வீட்டு இந்தியக் குடும்பம் வீட்டுச்சாவியை அவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம், திரும்பி வரவே இல்லையாம். "அவர்கள் போகும்போது நாங்கள் எதுவும் சொல்லவில்லை" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாளும் கடைசியாக எழுந்து போனவர் அவர்தான். உட்கார்ந்திருந்ததற்கு நன்றி, ஐயா.

இன்னும் எத்தனையோ பேர். பவுலின் நிருபங்களில் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை நாம் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவோம். இப்போது அந்த இடத்தில் எனக்குக் கண் நிற்கிறது. கிண்டியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவர எங்களுக்குத் தங்க இடம் தந்த சென்னை மைனி, மகனுக்கு லுகாண்டா எழுத்துக் கற்பித்த மாணவிகள், பள்ளிகள் இரண்டு வருடம் போல மூடிக்கிடந்தபோது எங்கள் வராந்தாவிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்த பக்கத்து வீட்டு டீச்சர். எல்லோரையும் நினைக்கிறோம். ஆறு வருட வரவுசெலவைச் சேகர ஆபீசில் கொடுத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கிளம்பிய அன்று கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் என்னிடம் 'வெபாலே குசோமேசா' என்றார். பாடம் சொல்லித் தந்ததற்கு நன்றி. அவர் என் வகுப்பில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. 'வெபாலே குகூமா' என்றேன், காவல் காத்ததற்கு.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறு சித்தி வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில், "சமைச்சதுக்கு நன்றி சித்தி" என்றேன். சித்தி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஏன், உப்பு கூடிப்போச்சா?"