மாங்காய்க்குக் கிடைத்த அவகாசம்

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். அறுவடை மும்முரத்தில் உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே! பார்க்க ஆசையாக இருக்கிறது.

போன வருஷம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு லோடு கிளிமூக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஆலைக்குப் போனேன். வாசலில் வண்டி வரிசை, இரண்டு நாள் நின்றோம். மூன்றாம் நாள் தார்ப்பாயை விலக்கினால், அடியில் கிடந்த காயெல்லாம் காம்படியில் கறுத்து, தொட்ட விரல் உள்ளே போனது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் பழம் சீக்கிரம் குழையாமல் காக்க ஹெக்சனால் என்று ஒரு பொருள் இருப்பதாகக் காதில் விழுந்ததும் விடாமல் விசாரித்தேன். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை ஆய்வாளர்களும் 2012 வாக்கில் சேர்ந்து தொடங்கிய வேலை. புல் அறுக்கும்போது ஒரு பச்சை வாசம் வருமே, அதில் இருப்பதுதான் ஹெக்சனால். செடிகளே உண்டாக்குவது. பழத்தின் செல் சவ்வை ஒரு நொதி அரித்துக்கொண்டே இருப்பதும் பழம் குழைய ஒரு காரணம். ஹெக்சனால் அந்த நொதியை அடக்குகிறது. ஆனால் சட்டென்று ஆவியாகிவிடும். அதற்குத்தான் நானோ. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்தக் கணக்கில் அளக்கிற மெல்லிய இழைக்குள் பொதிந்து பழப்பெட்டியில் வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

தோட்டத்துக்குத் தெளிப்புக் கரைசல் தனி. பறிப்புக்கு 30 நாள் முன்னால் ஒரு முறை, 15 நாள் முன்னால் ஒரு முறை. நம் கிருஷ்ணகிரியில் சோதித்தபோது காய் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக மரத்திலேயே நின்றிருக்கிறது. வரத்து குறையும்வரை காயை மரத்திலேயே விட்டுவைக்கலாம் என்றால் நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆலைக்காரர் சொல்லும் விலைக்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லையே.

இந்த வருஷம் பன்னிரண்டு மரத்துக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். பக்கத்து மரங்களில் காய் உதிர ஆரம்பித்த பிறகும் இவற்றில் காம்பு இறுகப் பிடித்திருந்தது. ஒடித்தால் பால் பீய்ச்சியது. இந்த மருந்து உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும் சேகர். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் இதற்காகக் கோவைக்கு அலைய முடியுமா?

சரி, அந்த மரத்து நீலம் மாம்பழம் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். நாலு பழத்தைத் தொடாமல் வைக்கோலில் வை. எத்தனையாவது நாள் குழைகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
முருகேசன்