கரடியிடம் உங்கள் பத்திரிகையைக் காட்டலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கனடாவின் வடமேற்கில் உள்ள யூக்கொன் பற்றிய சுற்றுலாக் கட்டுரையில் ஒரு வரி: "குளுவானியில் மனிதர்களும் இல்லை, விதிகளும் இல்லை, விரும்பிய இடத்தில் கூடாரம் போடலாம்." எழுதியவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு நகரவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குளுவானி தேசியப் பூங்காவின் உட்பகுதியில் இரவு தங்க அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். சில பாதைகளில் கரடியால் திறக்க முடியாத உணவுப் பெட்டியும் கட்டாயம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? முன்பு நீங்கள் யூக்கொனின் தலைநகரான வைற்ஹோர்ஸை அமெரிக்காவின் அலாஸ்காவுக்குள் தள்ளி வரைபடம் போட்டபோதே எழுதியிருந்தேன். கடிதம் பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை போலும். அந்த வாரம் நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருந்தது.

நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். வந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பது நாங்கள். கடந்த ஜூலையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார், கையில் உங்கள் பழைய இதழ். கரடி விரட்டும் ஸ்பிரேயைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுவந்து, ரொறன்ரோ விமான நிலையத்தில் பறிகொடுத்திருந்தார். அதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது என்று கட்டுரையில் ஒரு சொல் இல்லை. சரி, இங்கே வாங்கிக்கொடுத்தேன். பூங்காவிலுள்ள காத்லீன் ஏரிக்கரையில் கோழிக்கறிச் சட்டியைக் கூடாரத்துக்கு வெளியே மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். பூங்கா அலுவலர் வந்து எழுப்பி, சட்டியை வாகனத்துக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைத்தான் சுடுவார்கள். இதைக் கேட்ட நம்மவர் அந்த அலுவலரிடம், "பேப்பரில் அப்படிப் போடவில்லையே" என்றார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நள்ளிரவு வரை, இரவு வானில் தோன்றும் வடதுருவ ஒளிக்காகக் காத்திருந்தார்கள், பாவம். ஜூலையில் இங்கே வானம் சரியாக இருட்டுவதே இல்லை, ஒளி எங்கே தெரியும்? ஓகஸ்ட் பிற்பகுதிக்கு மேல் வரச் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையில் பூங்காவின் ஸ்லிம்ஸ் ஆறு வேறு சலசலத்து ஓடுகிறது. அதற்கு நீர் கொடுத்த காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கி, 2016இல் உருகுநீரில் பெரும்பகுதி திசை மாறி ஆல்செக் ஆற்றுப் பக்கம் போய்விட்டது. காற்று பலமாக அடித்தால் அந்தப் பள்ளத்தாக்கில் இப்போது புழுதிதான் எழும்பும். பழைய படத்தைப் பார்த்து எழுதினால் ஆறு ஓடத்தான் செய்யும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மனிதர்கள் இல்லை என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது சாம்பெயின்-ஏஷியாக், குளுவானி முதற்குடிகளின் நிலம். 1940களில் அலாஸ்கா நெடுஞ்சாலை வந்த கையோடு, வனவிலங்குச் சரணாலயம் என்று சொல்லி அவர்களை அங்கே வேட்டையாடவிடாமல் தடுத்தார்கள். இன்று பூங்காவின் நிர்வாகத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ஹெய்ன்ஸ் ஜங்ஷனில் பார்வையாளர் நிலையமே சாம்பெயின்-ஏஷியாக் மக்களின் பண்பாட்டு மையத்துக்குள்தான் இருக்கிறது. ஊரை இழந்து வந்தவர்கள் நடத்தும் பத்திரிகை, இன்னொருவர் ஊரில் ஆளே இல்லை என்று அச்சடிக்கலாமா? உங்களைப் போன்ற விபரம் தெரிந்தவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போடுங்கள்: அனுமதிச் சீட்டு, உணவுப் பெட்டி, ஸ்பிரேயை இங்கே வந்து வாங்குவது, கைபேசிக்கு நெடுஞ்சாலையிலேயே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பது. நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வைற்ஹோர்ஸ் வாசகர் ஒருவர்