இறங்கும் மலைக்கு ஒரு யெஸ்டி

அம்மாப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் வண்டியின் படங்களும் வந்து சேர்ந்தன. பழைய யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள் வாங்கியதில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். அது முடிந்தால் பாதி கவலை தீர்ந்தது.

கட்டைப் பட்டன் டயர், உயரத் தூக்கிய சைலன்சர், அகல ஹேண்டில்பார் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் பிறகு ஆகட்டும். ஏற்காட்டு மலையில் நாகலூரிலிருந்து எஸ்டேட் மண்பாதையில் ஓட்டி, அப்படியே சேலத்துக்கும் இறங்கி வர வேண்டும் என்கிறாய். அப்படியென்றால் ஏறுவதற்காக அல்ல, இறங்குவதற்காக வண்டியைத் தயார் செய். ஏற்றத்தில் சிரமம் வந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இது டூ ஸ்ட்ரோக். கிராங்குக்கும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பிஸ்டனுக்கும் ஆயில் போகும் ஒரே வழி, அதைக் கலந்து ஊற்றும் பெட்ரோல்தான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் இன்ஜினைப் பிடித்து இறங்கினால், சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும். பெட்ரோல் வராது, ஆயிலும் வராது. நான்கு ஸ்ட்ரோக் புல்லட் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை ஒரு சொடுக்குச் சொடுக்கி விடு. நேரான இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை ஐடிலில் விடு. சத்தம் கம்மி, வண்டி இறுகுவதுபோல் தோன்றினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடி. இடது கையின் இரண்டு விரல் எப்போதும் லீவர் மேலேயே இருக்கட்டும்.

ஆக, வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. முதல் பணத்தை அங்கே போடு. இரண்டு டிரம்மையும் லேத்தில் வைத்து வட்டம் பார். நீள்வட்டமாகியிருந்தால் லேசாகச் சீவு. புது லைனிங் ஒட்டிய ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தச் சொல். அப்படியே மாட்டினால் நுனி மட்டுமே தொடும். பிரேக் பிடித்த நிலையில் கேம் லீவரும் கேபிளும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் இழுவை வீணாகும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனால்தான் பாதி மலையில் லீவர் ஆழமாகப் போகிறது. அப்போது நிறுத்தி ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடை.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல், கிராங்கின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். பத்தில் எட்டு பழைய யெஸ்டியின் கோளாறுக்கு இதுதான் வேர் என்பேன். இடப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும்: வெள்ளைப் புகை, பிளக் ஈரம், கியர் பெட்டியில் ஆயில் குறைவு. வலப்பக்கம், டைனமோ பக்கத்து சீல் போனால் காற்றை உறிஞ்சும். கலவை மெலிந்து (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), ஐடில் ஏறி இறங்கி, கடைசியில் பிஸ்டனே உருகும். முதலாவது புகையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது காட்டாது.

சோதிக்க எளிய வழி உண்டு. கலவை உள்ளே வரும் இன்டேக்கையும், புகை வெளியேறும் இரண்டு எக்ஸாஸ்ட் துவாரங்களையும் டியூப் ரப்பர் வைத்து அடை. பிளக் இருக்கட்டும். இன்டேக் அடைப்பில் சிறு குழாய் செருகி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தையும் மீட்டரையும் அதில் இணைத்து 250 வரை ஏற்று. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. கிராங்க்கேஸ் இணைப்பு, பிளாக் (சிலிண்டர்) அடி கேஸ்கெட், வலப்பக்க சீல் ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வரும். இடப்பக்க சீலைப் பார்க்க, கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் வைத்துப் பார். அது உப்பினால் அங்கேதான் கசிவு. சீலுக்காக இன்ஜினைப் பிரிக்கிறாய் என்றால் கனெக்டிங் ராடையும் அசைத்துப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. கிராங்கைப் பிரித்துப் புது ராடு போட்டால், டயல் கேஜில் 0.03 மி.மீ.க்குள் வட்டம் வரும்வரை விடாதே.

பிளாக் போர் (உள்விட்டம்) 65 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75. தேய்மானத்தை மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், இரண்டு திசையில் அள. ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது, 0.25 மி.மீ. படிகளில் போகும். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்த பிறகே போர் போடச் சொல். பெட்டியில் எழுதிய அளவை நம்பிப் போடக் கூடாது. ரிங் வாய் இடைவெளி 0.25 மி.மீ. சுற்றி இருக்கட்டும். போர் முடிந்ததும் துவாரங்களின் ஓரத்தை லேசாக மழுக்கு, இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும்.

கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500-க்கு மேல். மேலே காற்று மெலிவதால் கலவை 6 சதவீதம் அளவுக்குக் கெட்டியாகும், அதாவது பெட்ரோல் மிகுதியாகும். மெயின் ஜெட்டைச் (பெட்ரோலை அளந்து விடும் துளை) சிறிதாக்கு என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான். ஆனால் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது கலவையை ஏறக்குறைய அதே அளவுக்கு மெலிய வைக்கிறது. மேலே இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டு மே மாத வெயிலில் கீழே வந்தாயானால் மெலிவு இரட்டிப்பாகும். பழைய ஜெட்டிலேயே விடு. சேலத்தில் ஓட்டுவதே அதிகமென்றால் ஒரு படி பெரிதாகவே போடு.

எத்தனாலில் இன்னொரு ஆபத்து. மழைக்கால ஈரத்தை அது இழுக்கும். நீர் சேர்ந்தால் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும், டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலோ மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். அடியிலிருந்து முதலில் வருவது ஆயிலே இல்லாத திரவம்! இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் டேங்க்கையும் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தையும் காலி செய். ஆயில் அளவு லிட்டருக்கு 40 மி.லி., 10 லிட்டருக்கு 400. கேனில் கலந்து குலுக்கி ஊற்று. புது பிஸ்டனுக்கு முதல் 500 கி.மீ. 50 மி.லி. போடு.

சைலன்சரை இப்போதைக்குத் தூக்காதே. ஒரே சிலிண்டருக்கு இரண்டு குழாய் என்ற அமைப்பின் நீளத்தை மாற்றினால் இழுவை வேறாகும், ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும். காப்பிச் செடி நடுவே பள்ளத்தில் இடிக்கும் என்றால் 3 மி.மீ. தகட்டில் இன்ஜினுக்கு அடியில் ஒரு காப்பு போட்டுக்கொள், போதும். உள்ளே சத்தத்தைக் குறைக்க இருக்கும் பேஃபிளை உருவிக் கரி சுரண்டினாலே வண்டி இழுக்கத் தொடங்கும். டயரில் மண்பாதைக்கு 20 பி.எஸ்.ஐ. வை. 18-க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்க்கும். சில்வர் ஓக் இலை நனைந்து கிடக்கும் வளைவில் எந்த டயரும் பிடிக்காது, அங்கே முன் பிரேக்கைத் தொடாதே.

உதிரிபாகத்துக்கு ஒரு எச்சரிக்கை. யெஸ்டி தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-லேயே மூடிவிட்டது. 2022-லிருந்து அதே பெயரில் வருபவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள், அவற்றின் பாகம் இதற்கு ஆகாது. சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். சீல் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போ; உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொருந்தினால் பேரிங் கடையிலேயே வாங்கலாம். எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பராகக் கேள்.

ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் மேல் பொறித்திருக்கும் எண்ணையும், பிளாக்கின் ஆறு அளவுகளையும் எழுதி அனுப்பு. பிஸ்டன் பக்கவாட்டில் கோடு இருந்தால் அது எக்ஸாஸ்ட் பக்கமா, நாலு மூலையிலுமா என்பதையும் படமெடுத்து வை. எந்த அளவு பிஸ்டன் தேட வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்