இரும்புக்கை மாயாவியைப் படமாக்க நினைக்கும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். இரும்புக்கை மாயாவியைத் திரைக்குக் கொண்டுவரும் பேச்சு கோடம்பாக்கத்தில் பல வருடங்களாகவே அடிபடுகிறது. பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சந்தேகமும் கூடவே எழுகிறது. காமிக்ஸ் நாயகனை நம்பி ஒரு படம் எடுத்துவிடலாம், மூன்று நான்கு பாகம் ஓட்ட முடியுமா? மாயாவியை வைத்து முடியும் என்பதுதான் எங்கள் பதில். ஆனால் பெரிய ஹீரோ, பெரிய பட்ஜெட், முதல் படத்திலேயே அடுத்த மூன்று படத்துக்கான முடிச்சுகள் என்று இறங்கினால் ஒரு பாகத்தோடு கதை முடிந்துவிடும்.

முதலில், கையில் இருக்கும் சரக்கு என்ன என்று பார்ப்போம். 1962 அக்டோபர் 6ஆம் தேதியிட்ட வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழின் முதல் இதழிலேயே இந்தத் தொடர் ஆரம்பமானது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் எழுத்துப் பொறுப்பு டாம் டல்லிக்குப் போனது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது அதன் முதல் இதழே மாயாவிதான். வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்தியிருக்கும் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். உயர் மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. இவ்வளவுதான் விஷயம்.

இதில் மூன்று தடைகள் உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். மறைய வேண்டுமானால் மின்சாரம் வேண்டும். மறைந்தாலும் கை காட்டிக்கொடுக்கும். மறைந்த உடல் கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளிப்பட்டுவிடும். இந்த மூன்றும்தான் உங்கள் மூலதனம். எதையும் செய்யக்கூடியவனை வைத்து இரண்டாம் பாகத்தில் என்ன சொல்வீர்கள்? வில்லனைப் பெரிதாக்குவதைத் தவிர வழி இருக்காது. தடை உள்ளவனுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு கணக்கு இருக்கும்: இங்கே பிளக் பாயின்ட் எங்கே, இன்னும் எத்தனை நிமிடம், கையை எதற்குள் ஒளிப்பது? 2012இல் வந்த முகமூடி படம் தொடராமல் போனதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் இதுவே. குங்ஃபூ கற்றவன் முகமூடி போட்டான், குற்றவாளி பிடிபட்டான். அதற்குமேல் அவனிடம் தீர வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை.

மாயாவியிடம் இன்னொன்றும் இருக்கிறது. முதல் கதையில் அவன் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்ததும் திருடப் போகிறவன். நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாக நாட்டுக்கு உழைப்பதெல்லாம் பிறகுதான். நம் வாசகர்களில் பெரும்பாலானோர் மனதில் நிற்பது அந்த நல்ல மாயாவிதான், அதனால் திரைக்கதை பேசும்போது எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆளே தெரியாமல் போனால் மனிதன் எவ்வளவு தூரம் கெட்டுப்போவான் என்பது முதல் படம். கெட்டுப்போனவனை நம்பி ஓர் அரசாங்கம் வேலை கொடுக்குமா, கொடுத்தால் அவனை எப்படிக் கட்டிப்போடும் என்பது இரண்டாவது. தன்னைப் போலவே இன்னொருவன் முளைத்தால் என்ன என்பது மூன்றாவது. 2021இல் வந்த மின்னல் முரளி என்ற மலையாளப் படத்தில் குரு சோமசுந்தரம் ஏற்ற ஷிபுவை இன்றைக்கும் பேசுகிறோம் அல்லவா? அந்தப் படத்தில் வில்லனுக்குக் கிடைத்த கனம் இங்கே நாயகனுக்கே கிடைக்கிறது. மூலக்கதையிலும் 1960களின் பிற்பகுதியில் மாயாவிக்கு சூப்பர்ஹீரோ உடுப்பு மாட்டிவிட்டார்கள். தொடரின் பலவீனமான பகுதி அதுதான். உடுப்பு வந்ததும் அவன் கும்பலில் ஒருவனாகிவிட்டான்.

அடுத்தது உரிமை. இதை முடிக்காமல் பூஜை போடவே கூடாது. பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் உரிமைகள் பல கை மாறியவை. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனம் வேலியன்ட்டை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனத்தின் 1970க்கு முந்தைய இதழ்களின் உரிமையை வாங்கியபோது மாயாவியும் அங்கே போய்ச் சேர்ந்தார். 2021இல் அவர்களே தொகுப்பும் வெளியிட்டார்கள். தமிழில் அச்சிடும் உரிமை வேறு, படமெடுக்கும் உரிமை வேறு. சிவகாசியில் பேசி முடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் சங்கத்திலோ ஃபிலிம் சேம்பரிலோ டைட்டில் பதிவு செய்வது பெயரை மட்டும்தான் காக்கும், பாத்திரத்தை உங்களுக்குத் தராது. பழைய கதைதானே, காப்புரிமை போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளாஸ்கோ இறந்தது 1995இல், பல்மர் 2005இல். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும்.

செய்ய வேண்டியது ஆப்ஷன் ஒப்பந்தம். முழு விலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, வழக்கமாக 12 முதல் 18 மாதம் வரை, நீட்டிக்கும் வசதியோடு பாத்திரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது; படம் உறுதியானதும் மீதியைக் கட்டுவது. ஒப்பந்தத்தில் அடுத்தடுத்த பாகங்கள், எல்லா மொழி டப்பிங், ஓடிடி தொடர், பொம்மை மற்றும் கேம் உரிமை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பிப்போகும் என்ற பிரிவைத்தான் நம்மவர்கள் படிக்காமல் விடுகிறார்கள். மார்வெல் காமிக்ஸின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் உரிமை கைநழுவக் கூடாது என்பதற்காகவே சுமார் 10 லட்சம் டாலரில் அவசரமாக ஒரு படம் எடுக்கப்பட்டு, 1994இல் வர வேண்டியது கடைசிவரை திரைக்கே வரவில்லை.

இப்போது எல்லோரும் தயங்கும் இடம். மறைகிற நாயகனுக்கு எந்த ஸ்டார் கால்ஷீட் தருவார்? முகம்தான் வியாபாரம். முகம் இல்லாத காட்சியில் கைதட்டல் யாருக்கு? இந்தத் தயக்கம் நியாயமானது. ரெபெல்லியனின் இன்னொரு நாயகனான ஜட்ஜ் ட்ரெட்டை வைத்து 2012இல் வந்த படத்தில் கார்ல் அர்பன் முழுப்படத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பாராட்டு கிடைத்தது, வசூல் போதவில்லை, இரண்டாம் பாகம் வரவில்லை. ஆனால் மாயாவி நிரந்தரமாக மறைந்திருப்பவன் அல்ல. இரண்டரை மணி நேரப் படத்தில் உடல் மறைந்திருக்கும் காட்சிகள் மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்டத் தேவையில்லை, தாண்டவும் கூடாது. மீதி நேரமெல்லாம் நடிகரின் முகம்தான்: அடுத்த ஷாக்குக்குப் பயப்படும் முகம், அதற்கே ஏங்கும் முகம்.

தொடர் என்ற கோணத்தில் பார்த்தால் இதுவே லாபம். ரசிகன் அடையாளம் காண்பது அந்தக் கையை. நாளைக்கு நடிகர் மாறினாலும் கை மாறாது. அதனால் முதல் வரிசை ஸ்டாரைத் தேட வேண்டாம். நன்றாக நடிக்கும் இரண்டாம் வரிசை நடிகரோடு மூன்று படத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சம்பள உயர்வு எவ்வளவு, கால்ஷீட் எத்தனை நாள் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். முதல் படம் ஓடியபின் பேசப் போனால், இரண்டாம் பாகத்தின் பட்ஜெட்டைச் சம்பளமே தின்றுவிடும்.

அந்தக் கையைச் செய்வதில்தான் படம் பிழைக்கும் அல்லது சாகும். நடிகரின் கைமேல் கையுறை போல மாட்டினால் ஒவ்வொரு விரலும் தடித்து, இடது கையைவிட வலது கை பெரிதாகி, குத்துச்சண்டை கிளவுஸ் மாதிரி தெரியும். சட்டைக் கையை நீட்டி மறைத்தாலும் குளோசப்பில் மாட்டிக்கொள்ளும். குறைந்தது மூன்று கை வேண்டும். குளோசப்புக்கு, விரல் கணுவெல்லாம் அசையும்படி மெல்லிய தகடுகளால் ஒன்று; சண்டைக்கு, டூப் கலைஞர் யார் முகத்திலும் காயம் படாமல் அடிக்கும்படி ரப்பரில் ஒன்று; உடல் மறைந்த காட்சிகளுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்று. மூன்றும் ஒரே ஸ்கேனிலிருந்து வர வேண்டும். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஒரு கையும் சிஜி கம்பெனி வேறொரு கையும் செய்தால் ஷாட்டுக்கு ஷாட் கை மாறும்.

பளபளக்கும் குரோம் பூச்சு வேண்டாம். கேமரா, லைட், பூம் மைக் பிடிப்பவர் எல்லாம் அதில் தெரிவார்கள், அத்தனையையும் ஃபிரேம் ஃபிரேமாக அழிக்க வேண்டிவரும். அரம் போட்டுத் தேய்த்தது போன்ற மங்கலான எஃகு நிறமே சரி. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் கை கனமாகத் தெரிவதும் அதன் நிழல்களால்தான், மினுக்கத்தால் அல்ல.

மறையும் காட்சியை எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். நடிகருக்குப் பச்சை உடை மாட்டி, கையை மட்டும் வெளியே விட்டு, பிறகு பச்சையை நீக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பச்சை நிறம் இரும்பில் பிரதிபலிக்கும். உடலை நீக்கியபின்னும் கை பச்சை படிந்தே நிற்கும். சாம்பல் நிற உடை போட்டு, ஒரே நகர்வை அச்சு மாறாமல் திரும்பச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் கேமராவில் அதே நகர்வை ஆள் இல்லாமல் மறுபடி எடுத்து, அந்தக் காலிக் காட்சியை வைத்து உடலை மூடுங்கள். ஒவ்வொரு செட்டப்பிலும் குரோம் பந்தும் சாம்பல் பந்தும் வைத்து ஒளியைப் பதிவு செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் கை காட்சியில் ஒட்டாது. மணிக்கட்டுப் பக்கம் கை எங்கே முடிகிறது, அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்பதை வரைந்து முடித்த பிறகே படப்பிடிப்புக்குப் போங்கள். உடல் மறைந்ததும் பார்வையாளன் கண் நேராக அந்தத் துவாரத்துக்குள்தான் போகும். நிழலும் அப்படித்தான், சுவரில் கையின் நிழல் மட்டும் விழ வேண்டும். மூலக்கதையில் உடுத்திய துணியும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. அதற்கு விளக்கம் தேட வேண்டாம், ஒரே ஷாட்டில் காட்டிவிட்டு நகருங்கள்.

மற்றதற்கெல்லாம் பழைய வித்தைகள் போதும். கதவை நைலான் இழையால் இழுக்கலாம், மெத்தை அமுங்குவதற்கு அடியில் காற்றுப் பை வைக்கலாம். 2020இல் ஹாலிவுட்டில் வந்த தி இன்விசிபிள் மேன் 70 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 14 கோடி டாலர் வசூலித்தது. காலியான மூலையைக் கேமரா நிதானமாகப் பார்த்ததிலேயே தியேட்டர் பயந்தது. யாருமில்லாத அறையில் சுவிட்ச் போர்டை நோக்கி ஓர் இரும்பு விரல் மெல்ல நகர்வதைவிட அதிகச் செலவுள்ள காட்சி முதல் படத்துக்குத் தேவையே இல்லை.

செலவைச் சுருக்கச் சொல்வது கஞ்சத்தனத்தால் அல்ல. 20 கோடி டாலரில் எடுத்த ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படமான க்ரீன் லான்டர்ன் 2011இல் உலகம் முழுதும் வசூலித்தது ஏறத்தாழ 22 கோடி. தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போனால் நஷ்டம். இறுதியில் போட்டிருந்த இரண்டாம் பாக முடிச்சு அப்படியே அந்தரத்தில் நின்றது. அயர்ன் மேன் 2008இல் வந்தபோது மார்வெலின் முன்னணி நாயகர்கள் வேறு ஸ்டுடியோக்களிடம் இருந்தார்கள். மிச்சமிருந்தவனை வைத்துத்தான் தொடங்கினார்கள். முழுப்படமும் டோனி ஸ்டார்க் கதை மட்டுமே. பிற்பாடு பெரிதாக வளர்ந்த அந்த உலகத்துக்கு அதில் கிடைத்த முக்கிய இடம், பெயர்ப்பட்டியல் முடிந்தபின் வரும் ஒரு சின்னக் காட்சி. மலையாளத்தில் 2025இல் வந்த லோகாவும் சூப்பர் ஸ்டார் யாரையும் முன்னிறுத்தாமல் அந்த மொழியின் வசூல் சாதனையை உடைத்தது.

பழைய நினைவை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். மாயாவியை வாடகை நூலகத்தில் படித்த தலைமுறை முதல் நாள் டிக்கெட் எடுக்கும், பிள்ளைகளையும் அழைத்து வரும். பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை தியேட்டர் காலி. ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்த வேறொரு நாயகனான ஃபேண்டம், 1936 முதல் உலகமெங்கும் வாசகர்கள் உள்ளவர். அவரை வைத்து 1996இல் 4.5 கோடி டாலரில் படம் எடுத்தார்கள், அமெரிக்காவில் தேறியது 1.7 கோடி. அப்பாக்களுக்குத் தெரிந்த நாயகனை அந்தக் கோடையில் டிக்கெட் வாங்கிய இளைஞர்களுக்குத் தெரியவில்லை.

கதையை லண்டனில் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. காரைக்குடியில் 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் நாடு இது. அப்படியொரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக அவனை வையுங்கள். காலத்தை 2012ஆக வைத்தால் இன்னும் நல்லது. மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத வருடம் அது. வங்கியின் பெட்டக அறைக்குள் நுழைந்தபின் கரண்ட் போகிறது, உடல் மெல்லத் தெரியத் தொடங்குகிறது, ஜெனரேட்டர் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது. இடைவேளை அங்கே. இந்தக் காட்சி 1962இன் லண்டனுக்குக் கிடைக்காது.

ஹீரோவிடமோ ஃபைனான்சியரிடமோ போவதற்கு முன்பு ஒரு நிமிடச் சோதனைக் காட்சி எடுத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு கை, ஒரு மறைதல், அவ்வளவு போதும். அதில் கை நிஜமாகத் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கையை மறுபடி செய்யுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். படத்தின் தொடக்க டைட்டிலில், இயக்குநர் பெயருக்கு முன்பாக, முழுத்திரை எழுத்தில் கென் பல்மர், டாம் டல்லி, ஹெசுஸ் பிளாஸ்கோ ஆகிய மூவரின் பெயரும், இவர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முத்து காமிக்ஸின் பெயரும் வர வேண்டும். ஒப்பந்தத்தில் கட்டாயமாக இல்லாவிட்டாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
இரும்புக்கை மாயாவியின் தமிழ் வாசகர்கள் சிலர்