அரிசித் தாம்பாளமும் அரை வாளித் தண்ணீரும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில், ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் அறையை விளையாட்டு அறையாகத் திறக்கிறோம். ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால் பேசுவது, பழகுவது, உணர்வது வேறு விதமாக இருக்கும் நிலை) உள்ள நம் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் வரலாம். விஷயம் காதில் விழுந்ததும் சில அம்மாக்கள், "சார், இதுக்கு என்ன சாமான் வாங்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். ஒன்றும் வாங்க வேண்டாம். வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில், இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை, சுவை எல்லாம் நாம் உணர்வது போல இருப்பதில்லை. சிலருக்கு அளவுக்கு மீறித் தெரியும். மிக்ஸி போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, காலரில் இருக்கும் லேபிள் உறுத்தி சட்டையையே கழற்றி எறிவது, குழைந்த சாதத்தை நாக்கில் பட்டதும் துப்புவது எல்லாம் இந்த வகை. வேறு சிலருக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதாது. சுற்றிக்கொண்டே இருப்பார்கள், கட்டிலிலிருந்து குதிப்பார்கள், கைக்கு வந்ததை முகர்ந்து பார்த்துக் கடிப்பார்கள். ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மருத்துவக் கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகவே இதைச் சேர்த்திருக்கிறது. ஆகவே "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று குழாயடியில் பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை.

நம் பகுதியில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், ஆடி மாதத்து ஒலிபெருக்கி, சாவு ஊர்வலத்தில் மேளமும் பட்டாசும். பள்ளி முடிந்து இதையெல்லாம் கடந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் உடனே புது விளையாட்டைக் காட்டாதீர்கள். கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரட்டும், ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் சரி.

அப்புறம், பாதி வேலை பாதி விளையாட்டாக எதையாவது கொடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் அரை வாளித் தண்ணீரை உங்களோடு சேர்ந்து தூக்கி வரட்டும். சப்பாத்தி மாவைக் குத்திப் பிசையட்டும். அரிசி மூட்டையை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை தள்ளட்டும். பாயில் படுக்க வைத்து, தலை வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி உருட்டுங்கள். பிடித்திருந்தால் மட்டும்! தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைக்கும் இந்த மாதிரி வேலைகள் பல குழந்தைகளை நிதானத்துக்குக் கொண்டுவருகின்றன. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) 1970களிலேயே இந்தத் தசை உணர்வைப் பற்றியும், ஊஞ்சலில் ஆடும்போது வேலை செய்யும் சமநிலை உணர்வைப் பற்றியும் விரிவாக எழுதினார். நம் வீட்டுத் தூளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வளர்ந்த பிள்ளையின் எடையைக் கொக்கி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்பு வரும் பிள்ளையாக இருந்தால், ஆட்டுவதற்கும் சுற்றுவதற்கும் முன்பு டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கையால் தொட்டு விளையாட ஒரு தாம்பாளத்தில் அரிசியோ கேழ்வரகோ போதும். உள்ளே சின்னக் கார், சாவி, ஸ்பூன் என்று எதையாவது ஒளித்து வையுங்கள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டால், மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழுத்தாதீர்கள். "பழகிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழகாது, பயம்தான் கூடும். கரண்டியால் அள்ளட்டும். அதுவும் வேண்டாமென்றால் அரிசியை ஜிப் கவரில் போட்டுக் கொடுங்கள், மேலிருந்து அழுத்திப் பார்க்கட்டும். சும்மா பார்த்துவிட்டுப் போனாலும் விட்டுவிடுங்கள், நாளைக்கு ஒரு விரல் வைக்கலாம். சில பிள்ளைகள் நாம் சொன்ன விளையாட்டை விட்டுவிட்டு மூடிகளை மட்டும் வரிசையாக அடுக்குவார்கள். கலைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியை அந்த வரிசையில் வையுங்கள். ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து விளையாடியிருக்கிறீர்கள், அது போதும்.

எதையும் வாயில் போடும் பிள்ளைக்குப் புளியங்கொட்டை, பாசிமணி கூடாது. மூக்கிலும் காதிலும்கூடப் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குப் பிசைந்த மாவோ, வேகவைத்து ஆறவைத்த ஜவ்வரிசியோ நல்லது. கடையில் விற்கும் கோலப்பொடிக்குப் பதில் அரிசி மாவு. காசிமேட்டுப் பக்கத்துக் கடற்கரை மணலை அள்ளி வர வேண்டாம், கண்ணாடித் துண்டும் மீன் முள்ளும் கலந்திருக்கும். தண்ணீர் விளையாட்டில் ஒரு வாளிதான் என்றாலும் பிள்ளையைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

இந்த விளையாட்டு ஆட்டிசத்தைக் குணமாக்கிவிடும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு எது ஒத்துவருகிறது, எது தொந்தரவு என்று தெரிந்துகொள்ள இது உதவும், நாள் கொஞ்சம் சுலபமாகப் போகும், அவ்வளவுதான். இன்னும் பரிசோதனை செய்யாதவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டுக்கும் விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் ஆபீஸுக்கு வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அவன் ஏம்மா கையை உதறிக்கிட்டே இருக்கான்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், "பாவம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சந்தோஷத்திலும் உதறுவான், பதற்றத்திலும் உதறுவான் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

அறைக்குப் பழைய சேலை, பாய், பாட்டில் மூடி, டப்பா எதுவானாலும் அனுப்பலாம். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை செய்பவர்கள் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தால் நல்லது. பட்டு, காடா, வெல்வெட் என்று விதவிதமாக இருக்கட்டும். கூடவே உங்கள் பிள்ளைக்குப் பிடித்தது, பிடிக்காதது, அழுதால் எப்படிச் சமாதானமாகும் என்பதை ஒரு சீட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அரிசி அனுப்புகிறவர்கள் மட்டும் வண்டு இல்லாமல் புடைத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்