நாளுக்கு ஓர் இழை

சிவமயம்

பள்ளத்தூரிலும் காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் இருந்துகொண்டு, பக்கவாதத்தில் விழுந்த எனக்குக் கடந்த ஒன்றே கால் ஆண்டாகக் கை கொடுத்து நிற்க வைத்த அனைவருக்கும் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற வாரம் எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பு நடந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், புது வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாகத் திரித்து, இழைமாவு என்னும் இனிப்பு மாவில் வைத்து நெய்யிட்டு ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்ளும் நம் நகரத்தார் வழக்கத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவன் என்ற முறையில் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். சென்ற ஆண்டு அந்த இடத்தில் என் தம்பி அமர்ந்திருந்தான். நான் பட்டாலையில் நாற்காலியில் சாய்ந்தபடி, வலக்கையை மடியில் ஒரு பொருளைப் போல வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். இந்த ஆண்டு அதே கையால் மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் இழை எடுத்துக் கொடுத்தேன். மருமகள் கருவுற்றிருப்பதால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து அவளுக்கு இரண்டு. கை நடுங்கியது, ஆனால் ஒரு சுடர்கூட அணையவில்லை. அன்று இரவே இந்த மடலை எழுத நினைத்தேன். மெதுவாகத்தான் எழுத முடிகிறது என்பதால் இன்று முடிக்கிறேன்.

வங்கிப் பணியில் 36 ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, ஓய்வு பெற்றபின் ஐயா கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவன் நான். வந்த புதிதில் செய்ய நினைத்தவை ஏராளம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பெயர்ந்து கிடந்த தரைக்கற்களை மாற்ற வேண்டும், பெட்டகத்தில் உள்ள பழைய ஏடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும், தினமும் ஊருணிக் கரையில் நடக்க வேண்டும் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். நான்கு ஆண்டுகள் சென்றபின் பார்த்தால் அவற்றில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. காலையில் முகப்புத் திண்ணையில் கைபேசியுடன் அமர்ந்தால், சாப்பாட்டுக்கு அழைக்கும்போதுதான் நிமிர்வேன். நேற்று என்ன செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை, அதனாலேயே நாட்கள் போனதும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, வீட்டின் உள்முற்றமான வளவில் செம்பைக் கையில் எடுத்தவன் அப்படியே சரிந்தேன். வாய் கோணியிருந்ததைக் கண்டு என் மனைவி அலறியதும் முதலில் ஓடி வந்தது எதிர்வீட்டுப் பெண். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருந்தவள். சுற்றி நின்றவர்கள் காபி கொடுக்கலாமா, சற்று நேரம் படுக்க வைத்துப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கையில், "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாக?" என்று அவள் என் மனைவியிடம் கேட்டாள். ஆறு மணி ஐந்து நிமிடம் என்ற விடையை அங்கேயே தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். விழுங்குவதற்கு எதுவும் தரக்கூடாது என்று சொல்லித் தடுத்தாள். 108 வண்டியில் என்னுடன் ஏறி வந்து, அந்த உள்ளங்கையை மருத்துவரிடம் நீட்டினாள். மூளை ரத்தக் குழாயில் கட்டு அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும், அந்தக் கணக்கு கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெண்ணே, உன் கையில் இருந்த அந்த எழுத்துதான் எனக்குக் கிடைத்த மீதி ஆயுள். உனக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உயிர் மிஞ்சியது, வலக்கை மட்டும் எழவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவப் பெண்மணிக்கு அடுத்த நன்றி. என்றைக்குச் சரியாகும் என்று நான் கேட்டபோதெல்லாம், அவர் நாளைக் குறிக்காமல் இன்றைய வேலையைக் குறித்தார். இன்று ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். கெட்டுப்போன பகுதி செய்துவந்த வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் மெல்லக் கற்றுக்கொள்ளும், ஆனால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அந்தப் பாடம் ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு நாள் விட்ட பயிற்சியை மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்டலாமா என்று வங்கிக்காரனாகக் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, மறுநாள் மதியம் நனைத்த பனையோலைக் கட்டுடன் வந்தார். 74 வயதிலும் கொட்டான் என்னும் ஓலைக் கூடை முடைபவர். "தம்பி, புளியங்கொட்டையைப் பொறுக்கி யாருக்கு என்ன ஆகப்போகுது? இதை முடைஞ்சா ஒரு பண்டமாவது மிஞ்சும்" என்று சொல்லி என் முன்னால் அமர்ந்தார். ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் வார்ந்த ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடி போடுவதற்கே எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின. மேலோலையை இடக்கை தூக்கிப் பிடிக்க, வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கீழோலையை உள்ளே செலுத்த வேண்டும். சுட்டுவிரல் கேட்காது, ஓலை நழுவும், முடைந்ததும் பிரியும். ஆச்சி ஒருநாளும் என் கையிலிருந்து வாங்கித் தாமே முடித்துக் கொடுத்ததில்லை. அதற்காகவே அவரை இங்கே தனியாக வணங்குகிறேன், ஏனென்றால் அவர் முடித்துக் கொடுத்திருந்தால் கொட்டான் கிடைத்திருக்கும், கை கிடைத்திருக்காது. காய்ந்துவிட்ட ஓலை வளையாமல் ஒடியும் என்பதால், நனைத்த ஓலையை அன்றைக்கே முடைந்தாக வேண்டும் என்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்ன ஒரே நாளில், ஒடிந்த ஓலைகளை என் மடியில் போட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். அதன்பின் நான் அப்படிச் சொன்னதில்லை.

என் மகனுக்கும் ஒரு நன்றி உண்டு. விடுப்பில் வந்திருந்தபோது பெட்டகத்தைத் திறந்து, ஐயா பர்மாவில் கடை வைத்திருந்த காலத்துச் சிட்டைகள், அதாவது நாள்கணக்கு ஏடுகள், சிலவற்றை எடுத்து வந்து எனக்குப் படித்துக் காட்டினான். ஐயா பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை எடுபிடியாகப் போய், கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர். ஒவ்வொரு நாளும் பிள்ளையார் சுழியுடன் தொடங்கி, அன்றைய வரவும் பற்றும் எழுதி, இருப்புக் கட்டிய பிறகே அந்த நாளை மூடியிருக்கிறார். நான் வாழ்நாள் முழுவதும் ஊரார் பணத்துக்கு இருப்புக் கட்டியவன். என் நாளுக்கு ஒருமுறைகூடக் கட்டியதில்லை. அன்றிரவே ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி, இடக்கையால் கோணலாக முதல் வரியை எழுதினேன். இன்றைய பொழுது எங்கெங்கே போனது, யாரிடமிருந்து என்ன வந்தது, நாளைக்கு எது பாக்கி என்ற மூன்றுதான் அதில் இருக்கும். முதல் மாதக் கணக்கைக் கூட்டியபோது, அந்த உடல்நிலையிலும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கைபேசிக்குப் போயிருந்தது. யாரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. எண் சொன்னது. மறுநாள் முதல் கைபேசி பெட்டகத்துக்குள் போய், மாலை ஆறு மணிக்கு மட்டும் வெளியே வருகிறது. பெரிய சபதங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இரவில் எழுதியாக வேண்டும் என்ற எண்ணமே பகலில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் அண்ணனை மறந்தால் நன்றி கெட்டவன் ஆவேன். இரண்டாம் கட்டுக் கற்களை மாற்றக் கேட்டபோது, கல்லை நீங்களே வந்து பாருங்கள் என்று தம் வண்டியிலேயே அழைத்துப் போனார். கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவத் தகட்டின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்ட் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்றி, மூச்சைப் பிடித்தவர் போலத் தகட்டை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, சாந்து நிரப்பி மட்டம் தட்டி ஒதுக்கி வைத்தார். கல் இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்து வரும் வரை தொடக்கூடாது. எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்று கேட்டேன். "இதுக்குச் சூளை கிடையாது, தீ கிடையாது. நாளுதாண்ணே இதை வேக வைக்கும்" என்றார். அன்றிரவு என் சிட்டையில் வரவுப் பக்கம் இந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. கற்கள் ஐப்பசியில் வந்து பதிந்துவிட்டன.

காலையில் ஊருணிக் கரையில் என் தடிக்கு ஏற்றபடி தம் நடையைக் குறைத்துக்கொண்ட நண்பர்கள் ஐவருக்கும் நன்றி. அந்த நடையில் ஒருநாள் வள்ளல் அழகப்பர் பற்றிப் பேச்சு வந்தது. 1909இல் பிறந்து 1957இல் மறைந்தவர். 1947இல் கல்லூரி தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் அவருக்கு இருந்தவை பத்தே ஆண்டுகள், அதுவும் கொடிய நோயுடன். அதற்குள் காரைக்குடியைக் கல்வி ஊராக்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து முடித்திருந்தார். அவரோடு நம்மை ஒப்பிட முடியாது என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் அவருக்கும் நாள் 24 மணி நேரமாகத்தான் விடிந்தது என்று நினைத்தபடி அன்று ஒரு சுற்று கூடுதலாக நடந்தேன்.

என் மனைவிக்கு நன்றி சொல்வது முறையா என்று தெரியவில்லை. நாங்கள் அப்படிப் பேசிப் பழகியவர்கள் அல்லர். ஆனால் நோன்புக்கான இழையைப் பற்றி அவள் சொன்னதை எழுதாமல் இருக்க முடியாது. பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வசதிக்காக நோன்புக்கு முதல்நாள் மாலை 21 இழைகளையும் ஒரே மூச்சில் உருவித் திரித்துவிடுவோம். இந்தக் கார்த்திகையன்று விளக்கேற்றி முடித்ததும் அவள் புது வேட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "இந்த வருஷம் நாளுக்கு ஒண்ணா, நீங்களே எடுங்க" என்றாள். வேட்டியின் தலைப்பில் ஒரு நூலை மட்டும் நகத்தால் நெம்பி, அறுந்துவிடாமல் முழுதாக உருவுவது என் விரல்களுக்குக் கொட்டான் முடைவதைவிடக் கடினம். முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாம் நாள் இழை அறுந்து, மறுபடி எடுத்தேன். இருபத்தொன்றாம் நாள் விளக்கில் திரி வைப்பதற்குள் எடுத்துவிட்டேன். எந்த நாள் இழை எது என்று திரித்த பிறகு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்போல் இருந்தது.

ஆச்சியின் சொற்படி, முதலில் முடைந்த கொட்டானை விற்காமலும் யாருக்கும் கொடுக்காமலும் வைத்திருந்தேன். வாய் மடிப்பு ஒருபக்கம் தாழ்ந்திருக்கும். நோன்பன்று அதில் கருப்பட்டிப் பணியாரமும் பொரியும் வைத்து எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினோம். படிப்பு முடியப்போகிறது, விடுதிக்கு எடுத்துப்போகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

தை முதல், திங்கள், வியாழன் மதியங்களில் எங்கள் வீட்டு முகப்பில் ஆச்சி கொட்டான் முடையக் கற்றுத் தருகிறார். பக்கவாதத்தில் கை செயலிழந்து வீட்டோடு இருப்பவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் இருந்தாலும் அழைத்து வாருங்கள், கட்டணம் எதுவும் இல்லை. அந்த இரு நாட்களிலும் ஓலையைக் காலையிலேயே நனைத்து வைப்பது என் பொறுப்பு.

நன்றியுடன்,
பள்ளத்தூரிலிருந்து உங்களில் ஒருவன்